சேலத்து வெயிலில் கேமிங் பிசி: 5090, 5080, 5070 டிஐ, 9070 எக்ஸ்டி, எது யாருக்கு?

"அண்ணா, 5090 போட்டுடலாங்களா, இல்ல 5080 போதுங்களா?" என்ற கேள்வி என் வாட்ஸப்பில் வந்துகொண்டே இருக்கிறது. கேமிங் பிசிக்கான கிராபிக்ஸ் கார்டுகளைத்தான் சொல்கிறார்கள். கேட்பவர்களில் பலர் பெங்களூரில் ஐடி வேலை பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை என்று சேலத்துக்குத் திரும்பியவர்கள். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களும் உண்டு. ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டில் உட்கார்ந்து விடிய விடிய விளையாடுகிறவர்களும் உண்டு. கையில் மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று பட்ஜெட் இருக்கிறது. யூடியூபில் ரிவ்யூவாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறார்கள். பார்த்ததால்தான் இந்தக் குழப்பமே.

அந்த ரிவ்யூக்களில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில், கரண்ட் போகாத ஊரில் எடுத்தவை. அம்மாபேட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில், ஏப்ரல் மாத இரவில் அதே கார்டு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) பட்டியலை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. அதை யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். இந்த ஊரில், இந்த வெயிலில், இந்த கரண்ட்டில் எது யாருக்குப் பொருந்தும் என்பதை மட்டும் பார்ப்போம்.

## முதலில் எதை வைத்து அளப்பது?

நான் கேட்கும் முதல் கேள்வி திரையைப் பற்றியது. 4கே மானிட்டரில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் 37 லட்சம். அதாவது 4கே-க்கு இரண்டேகால் மடங்கு வேலை. 1440பி மானிட்டரை வைத்துக்கொண்டு 5090 வாங்கினால் கார்டு பாதி நேரம் ப்ராசஸருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். மானிட்டரை முடிவு செய்யாமல் கார்டைப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது, அறை. கேமிங் பிசி இழுக்கும் கரண்ட் கடைசியில் முழுவதும் சூடாகத்தான் வெளியே வருகிறது. 700 வாட் இழுக்கிற பிசி, கேம் ஓடுகிற நேரமெல்லாம் 700 வாட் ஹீட்டர்தான். அந்தச் சூட்டை எங்கே அனுப்பப் போகிறீர்கள்? ஏசி இருக்கிறதா, ஜன்னல் எந்தப் பக்கம், மேலே மொட்டை மாடியா, இன்னொரு தளமா?

மூன்றாவது, கரண்ட். மாதக் கணக்கு மட்டுமல்ல, போகும்போதும் திரும்ப வரும்போதும் என்ன ஆகிறது என்பதும் சேர்த்து. நான்காவது, ரிப்பேர் வந்தால் யாரிடம் போவது. ஐந்தாவது, இதே பிசி எத்தனை வருடம் ஓட வேண்டும். இந்த ஐந்தில் நம் ஊர்க்காரர்கள் அதிகம் கோட்டை விடுவது இரண்டிலும் மூன்றிலும். அதனால் கீழே அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## கிராபிக்ஸ் கார்டு: நான்கு பேர் போட்டியில்

| | ஆர்டிஎக்ஸ் 5090 | ஆர்டிஎக்ஸ் 5080 | ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ | ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி |
|---|---|---|---|---|
| தயாரிப்பு | என்விடியா | என்விடியா | என்விடியா | ஏஎம்டி |
| மெமரி | 32 ஜிபி | 16 ஜிபி | 16 ஜிபி | 16 ஜிபி |
| கார்டு மட்டும் இழுப்பது | 575 வாட் | 360 வாட் | 300 வாட் | 304 வாட் |
| கம்பெனி சொல்லும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) | 1000 வாட் | 850 வாட் | 750 வாட் | 750 வாட் |
| அறிமுக விலை (டாலர்) | 1999 | 999 | 749 | 599 |
| பொருந்தும் திரை | 4கே, உயர் ரிஃப்ரெஷ் | 4கே | 1440பி, 4கே | 1440பி, 4கே |

நான்குமே 2025 ஜனவரி கடைசிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வெளிவந்தவை. டாலர் விலையை இங்கே போட்டதற்குக் காரணம், ஒன்றுக்கொன்று என்ன விகிதம் என்று தெரிவதற்காக. 5090-க்கு இந்தியாவில் என்விடியா அறிவித்த தொடக்க விலை 2,14,000 ரூபாய். அந்த விலைக்கு வேண்டும் என்று கடையில் கேட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

### ஆர்டிஎக்ஸ் 5090

வேகத்தைப் பற்றி வாதமே இல்லை. 4கே-யில் 5080-ஐ விட ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதல். ரே டிரேசிங்கை (ஒளி பாயும் வழியைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை) முழுதாகப் போட்டு சைபர்பங்க் 2077 மாதிரி கேம்களை 4கே-யில் ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு இதற்கு மாற்று கிடையாது. 32 ஜிபி மெமரி இருப்பதால், பிளெண்டரில் 3டி வேலை செய்கிறவர்களுக்கும் வீட்டு பிசியிலேயே ஏஐ மாடல் ஓட்டுகிறவர்களுக்கும் இது சம்பாத்தியத்துக்கான கருவி. அப்படிப்பட்டவர் நீங்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், வாங்குங்கள்.

விளையாட்டுக்கு மட்டும் என்றால் கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள்.

சூடு முதலில். எந்தக் கூலரும் அறைக் காற்றை வைத்துத்தான் சிப்பைக் குளிர வைக்கிறது. அதனால் அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, கார்டும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி ஏறும். 22 டிகிரி அறையில் 75-ஐத் தொடுகிற கார்டு, 37 டிகிரி அறையில் 90-க்கு வந்து நிற்கும். என்விடியா 5090-க்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே 90 டிகிரிதான். அதன் பிறகு கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். ஆகவே சேலத்தில் 5090 என்றால் ஏசி அறை என்றே அர்த்தம்.

ஒரு டன் ஏசி சுமாராக 3500 வாட் சூட்டை வெளியே தள்ளும். ப்ராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்த்து 5090 பிசி 750 வாட் வரை இழுக்கும். அதாவது ஏசியின் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு பிசிக்கே போய்விடும். மதியம் ஏற்கனவே திணறுகிற பழைய ஏசி என்றால் அறை குளிராது.

அப்புறம் கரண்ட் பில். தினமும் 4 மணி நேரம், 60 நாள் என்று வைத்தால் 750 வாட்டுக்கு 180 யூனிட். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி இழுக்கும் கூடுதல் கரண்ட் இதில் சேரவில்லை. நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருக்கும் குறைந்த விலை போய்விடும். 500-க்கு மேல் வரும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாயைத் தாண்டும். கோடையில் பெரும்பாலான ஏசி வீடுகள் அந்த எல்லையில்தான் தொங்கிக்கொண்டிருக்கும், பிசி தள்ளிவிட்டுவிடும்.

கார்டுக்குக் கரண்ட் கொண்டுவரும் கனெக்டர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 575 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 48 ஆம்பியர். வீட்டில் ஏசிக்குப் போடும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான். இந்த 48 ஆம்பியரும் விரல் நீளக் கனெக்டரில், ஆறு ஊசிகள் வழியாகப் போகிறது. ஆறும் சமமாகப் பங்கிட்டால் ஊசிக்கு எட்டு ஆம்பியர், பிரச்சினை இல்லை. ஒன்றிரண்டு ஊசி சரியாகப் பிடிக்காமல் மீதியில் சுமை ஏறினால்தான் பிளாஸ்டிக் உருகுகிறது. 4090 காலத்திலிருந்தே இந்தப் புகார் இருக்கிறது. அதற்குப் பிறகு கனெக்டரைத் திருத்தினார்கள், ஆனாலும் 5090-இல் சில உருகின. எனவே எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த ஒரிஜினல் கேபிள் மட்டும், கடைசி வரை அழுத்திச் செருக வேண்டும், கனெக்டருக்குப் பக்கத்திலேயே வளைக்கக் கூடாது, கலர் கலராக விற்கும் எக்ஸ்டென்ஷன் கேபிள் வேண்டவே வேண்டாம்.

வாங்கியே தீருவேன் என்றால் ஒரு வழி: மென்பொருளில் பவர் லிமிட்டை 400 வாட்டுக்குக் குறைத்து ஓட்டுங்கள். வேகத்தில் போவது பத்து சதவீதத்தையொட்டித்தான். சூட்டில் 175 வாட் குறையும். சேலத்தில் 5090 வைத்திருப்பவர் மார்ச் முதல் ஜூன் வரையாவது இப்படி ஓட்டுவதே புத்திசாலித்தனம்.

### ஆர்டிஎக்ஸ் 5080

நல்ல கார்டுதான். ஆனால் நான் மனதார யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. 5070 டிஐ-யை விட வேகம் 15 சதவீதத்தையொட்டித்தான் கூடுதல்; மெமரி அதே 16 ஜிபி; டாலர் விலையில் மூன்றில் ஒரு பங்கு அதிகம். 4கே 120 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது, 5090-க்கு அறையும் பணமும் ஒத்துவரவில்லை, 5070 டிஐ-யில் மனசு ஆறவில்லை என்கிறவருக்கு இது சரி. 360 வாட் என்பதால் அந்தக் கனெக்டரில் போவது 30 ஆம்பியர்தான், அந்தக் கவலையும் குறைவு. மற்றவர்கள் மிச்சமாகும் பணத்தை மானிட்டரில் போடுங்கள். ஓஎல்இடி திரைக்கும் சாதாரணத் திரைக்கும் உள்ள வித்தியாசம் அந்த 15 சதவீதத்தை விடக் கண்ணுக்குத் தெரியும்.

### ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ

சேலத்து அறைக்கு அளவெடுத்துத் தைத்த கார்டு என்றே இதைச் சொல்வேன். 300 வாட், 16 ஜிபி, 1440பி-யில் எந்த கேமையும் உயர் செட்டிங்கில் தாராளமாக ஓட்டும். டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்த படத்தை ஏஐ வைத்துப் பெரிதாக்கும் என்விடியா நுட்பம்) போட்டால் 4கே-யும் ஓடும். வீடியோ எடிட்டர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது வரும் நிறைய கேமராக்கள் நிற விவரத்தைக் கூடுதலாக வைக்கும் 10 பிட் 4:2:2 முறையில் பதிவு செய்கின்றன. பழைய கார்டுகளில் அந்த ஃபைலை டைம்லைனில் போட்டால் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டுகள் அதை நேரடியாகவே கையாளும். பகலில் கல்யாண வீடியோ, ராத்திரியில் கேம் என்றால் இதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 'மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன்' எண்ணை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். கார்டு வரையும் ஒரு ஃப்ரேமுக்குப் பின்னால் பல ஃப்ரேம்களைக் கணித்துச் செருகும் வித்தை அது. படம் வழுக்கிக்கொண்டு போகும், உண்மைதான். ஆனால் மவுஸைத் திருப்பியதற்கும் திரை திரும்புவதற்கும் உள்ள இடைவெளி அதனால் குறையாது. வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவர்களுக்கு அந்த எண்ணில் எந்தப் பொருளும் இல்லை.

### ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி

ரே டிரேசிங் இல்லாத சாதாரண ஓட்டத்தில் 5070 டிஐ-யை ஒட்டியே வரும், அதைவிடக் குறைந்த விலையில். ரே டிரேசிங்கில் பின்தங்கும். அதன் முழு வடிவமான பாத் டிரேசிங் போட்டால் நன்றாகவே பின்தங்கும். டிஎல்எஸ்எஸ்ஸுக்குப் போட்டியாக ஏஎம்டி கொடுக்கும் எஃப்எஸ்ஆர் 4 பழைய எஃப்எஸ்ஆரை விட எவ்வளவோ மேல், ஆனால் டிஎல்எஸ்எஸ் இருக்கிற கேம்களின் பட்டியல் இன்னும் நீளமானது. என்விடியாவின் கூடா (CUDA) மென்பொருள் தளம் சார்ந்த வேலைகள் இதில் ஓடாது. பிளெண்டர், ஏஐ பக்கம் போக நினைக்கிறவர் இதைத் தவிர்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த சிறு விஷயம், பெரும்பாலான மாடல்களில் பழைய 8 பின் கனெக்டரே வருகிறது. புதிதாகச் செருகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, உருகுமோ என்று தூக்கம் கெட வேண்டியதும் இல்லை. ப்ராசஸர், மானிட்டரோடு மொத்தம் 480 வாட் என்று வைத்தால், மேலே போட்ட அதே கணக்கில் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். 5090 பிசியை விட 65 யூனிட் குறைவு. விளையாட்டு மட்டும், 1440பி திரை, ரே டிரேசிங் மோகம் இல்லை என்றால் இதை எடுத்துக்கொண்டு மீதிப் பணத்தை யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

பழைய 4090 கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: 24 ஜிபி, 450 வாட், இன்றும் 5080-ஐ மிஞ்சும். ஆனால் அது 2022 அக்டோபரில் வந்த கார்டு. வாரண்டி மிச்சம் இருக்கிறதா, கனெக்டர் ஓரம் பழுப்பேறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

## ப்ராசஸர்: இங்கே பெரிய சண்டை இல்லை

விளையாட்டுக்கு மட்டும் என்றால் ரைசன் 7 9800எக்ஸ்3டி. எட்டு கோர், 96 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி). இதற்கு முந்தைய எக்ஸ்3டி சிப்களில் கூடுதல் கேஷ் கோர்களுக்கு மேலே ஒட்டியிருந்தது. சூடு அதைத் தாண்டி வெளியே வர வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் வந்த இந்தச் சிப்பில் கேஷைக் கீழே மாற்றிவிட்டார்கள். கோர் நேராகக் கூலரைத் தொடுகிறது. வெயில் ஊருக்கு இது உண்மையிலேயே உபயோகமான மாற்றம். கேம் ஓடும்போது பெரும்பாலும் 100 வாட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது.

4கே திரை, 5070 டிஐ கார்டு என்றால் இந்த ப்ராசஸர்கூட வேண்டியதில்லை. அங்கே முட்டுவது கார்டுதான். ரைசன் 5 9600எக்ஸ் போதும். கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எடிட்டிங்கும் சேர்ந்தால் இரண்டு வழி. 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ்3டி இரண்டையும் செய்யும், ஆனால் 170 வாட் வகை, விலையும் அதிகம். இன்டெல் பக்கம் கோர் அல்ட்ரா 7 265கே இருக்கிறது: 20 கோர், வீடியோவை வேகமாகக் கையாண்டு எடிட்டிங்குக்கு உதவும் குயிக் சிங்க் உள்ளேயே உண்டு. கேமில் 9800எக்ஸ்3டி-க்குப் பின்னால்தான், 4கே-யில் அந்த வித்தியாசம் தெரியாது. மறைந்திருக்கும் செலவு மதர்போர்டில். இன்டெல் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டை (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) மாற்றிவிடும். ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதே போர்டில் அடுத்த ப்ராசஸரை மாட்ட நினைப்பவருக்கு ஏஎம்5-தான்.

செகண்ட் ஹேண்டில் இன்டெல்லின் 13900கே, 14900கே மலிவாக வந்தால் சபலப்பட வேண்டாம். அந்த இரண்டு தலைமுறையிலும் வோல்டேஜ் கோளாறால் சிப் நாளடைவில் கெட்டது. 2024 ஆகஸ்டில் இன்டெல் திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஆனால் ஏற்கனவே கெட்ட சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. முந்தைய சொந்தக்காரர் எப்படி ஓட்டினார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

## கூலர்: ஏர் கூலரா, லிக்விட் கூலரா?

இரட்டைக் கோபுர ஏர் கூலரில் கெடக்கூடியது ஃபேன் மட்டும். அதை எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம். லிக்விட் கூலரில் பம்ப் இருக்கிறது, குழாய் இருக்கிறது, சில வருடத்தில் உள்ளே திரவம் மெல்லக் குறையும். கெட்டால் மொத்தமாக மாற்ற வேண்டும். லிக்விட் என்றால் அறையை விடக் குளிரும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரேடியேட்டரையும் அதே அறைக் காற்றுதான் குளிர வைக்கிறது. 38 டிகிரி காற்றை ஊதினால் 38-க்குக் கீழே எதுவும் போகாது.

9800எக்ஸ்3டி-க்கு சேலத்திலும் ஏர் கூலர் போதும். 9950எக்ஸ்3டி, 265கே-யில் மணிக்கணக்காக ரெண்டர் விடுகிறவர்களுக்கு 360 எம்எம் லிக்விட் கூலர் அர்த்தமுள்ள செலவு. தறி ஓடுகிற தெருவில் வீடு என்றால் இன்னொரு விஷயம்: பஞ்சுத் தூசு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே போய்க் கம்பளி மாதிரி படியும். முன்பக்கம் முழுக்க வலையும், கழற்றிக் கழுவுகிற மாதிரி ஃபில்டரும் உள்ள கேபினெட்டாகப் பாருங்கள். முன்னாலும் பக்கத்திலும் கண்ணாடி போட்ட மீன்தொட்டிக் கேபினெட் ஷோரூமில் அழகு. காற்று உள்ளே வரும் வழியை நன்றாகப் பார்த்துவிட்டு எடுங்கள்.

ஏற்காட்டில் நிலைமை தலைகீழ். 1500 மீட்டர் உயரத்தில் கோடையிலேயே 30 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பதால், அதே ஃபேன் சுற்றினாலும் கொஞ்சம் குறைவாகத்தான் சூட்டை எடுக்கும். அதனால் ஏறுவது நான்கைந்து டிகிரி. அறைக் குளிரில் கிடைப்பது பத்து டிகிரிக்கும் மேல். லாபம்தான். ஏசி இல்லாமல் 5090 ஓட்டக்கூடிய இடம் நம் மாவட்டத்தில் ஏற்காடு மட்டுமே என்று அங்கே இருப்பவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அங்கே எதிரி ஈரம். மூடுபனி மாதங்களில் பீரோவுக்குள் இருக்கும் தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கிற ஊர். ஓடிக்கொண்டிருக்கும் பிசி அறையை விடச் சூடாக இருப்பதால் அதில் ஈரம் தங்காது. மாதக்கணக்கில் அணைத்துப் போட்டிருக்கும் பிசியில்தான் தூசும் ஈரமும் சேர்ந்து போர்டை அரிக்கும். வார இறுதிக்கு மட்டும் மலைக்குப் போகிறவர்கள் அங்கே பிசி வைக்காமல் நல்ல லேப்டாப்பாக வாங்கிக்கொள்வது மேல்.

## எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், எர்த்

பட்ஜெட்டில் கடைசியாக எழுதி, முதலில் வெட்டுகிற வரி இது. நான் முதலில் எழுதச் சொல்லும் வரியும் இதுதான்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மேலே பட்டியலில் உள்ள வாட்டுக்குக் குறையாமல், ஏடிஎக்ஸ் 3.1 (எஸ்எம்பிஎஸ்ஸுக்கான புதிய தர விதி) என்று போட்டதாக வாங்குங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். எஸ்டேட் பக்கம் வோல்டேஜ் 180-க்கு இறங்கினாலும் ஓடும். ஸ்டெபிலைசர் தனியாக வேண்டியதில்லை.

கரண்ட் போவதுதான் பிரச்சினை. கடையில் சேர்த்துக் கொடுக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட் வரைதான் தாங்கும். கேம் நடுவே கரண்ட் போனால் யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணையும். 9070 எக்ஸ்டி, 5070 டிஐ பிசிக்கு 1000 விஏ-க்குக் குறையக் கூடாது. 5090-க்கு 1500 விஏ, அதிலும் சைன் வேவ் என்று போட்டதாக. வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டலாமா என்று கேட்பார்கள். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்து, பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் மோடில் வைத்தால் மிதமான பிசி தாக்குப்பிடிக்கும். ஃபேன், லைட்டுக்கென்று போட்ட 900 விஏ இன்வெர்ட்டரில் 5090 பிசியை மாட்டினால் ஓவர்லோடு காட்டி மொத்த வீடும் இருட்டாகும். அம்மாவிடம் யார் பதில் சொல்வது?

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? பிசியில் குற்றமில்லை, எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கசியவிடும் சிறு கரண்ட் எர்த் வழியாகப் போக வேண்டியது. வழியில்லாமல் உங்கள் கை வழியாகப் போகிறது. பழைய ஓட்டு வீடுகளிலும் எஸ்டேட் பங்களாக்களிலும் மூன்றாவது துளை சும்மா பேருக்கு இருக்கும். லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சோதிப்பது அதிக செலவில்லை. மலையில் இடி மின்னல் காலத்தில் பிளக்கை மட்டுமல்ல, லேன் கேபிளையும் பிடுங்கி வையுங்கள். ஃபைபரில் மின்னல் வராது, ஆனால் மோடத்திலிருந்து பிசிக்கு வருவது செப்புக் கம்பிதான்.

## மீதியை வேகமாக

ரேம்: டிடிஆர்5, 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு), 16 ஜிபி இரண்டு. நாலு ஸ்டிக் போட்டால் டிடிஆர்5-இல் வேகம் இறங்கும், அதனால் பிறகு இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற திட்டம் வேண்டாம். எடிட்டருக்கு 32 இரண்டு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது, ஏஐ சர்வர்களுக்கே எல்லாம் போகிறது. பழைய டிடிஆர்5 ஸ்டிக் வீட்டில் இருந்தால் பொக்கிஷம்.

எஸ்எஸ்டி: ஜென் 4 (பிசிஐஇ நான்காம் தலைமுறை) போதும். ஜென் 5 காகிதத்தில் இரண்டு மடங்கு வேகம், கேம் திறப்பதில் வித்தியாசம் தெரியாது, சூடு மட்டும் தெரியும். 1 டிபி ஜென் 5-க்குப் பதில் 2 டிபி ஜென் 4.

மதர்போர்டு: 9800எக்ஸ்3டி-க்கு நடுத்தர பி850 போர்டு தாராளம். எக்ஸ்870இ-இல் கூடுதலாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் யூஎஸ்பி துளைகளுக்குத்தான்.

## எங்கே வாங்குவது?

ஆன்லைனில் விலை குறைவாக இருக்கலாம். பெங்களூர் எஸ்பி ரோட்டிலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் சரக்கு அதிகம், பேரமும் பேசலாம். பெங்களூர் சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர்தான், காலையில் போய் இரவு திரும்பலாம். சேலத்துக் கடையில் விலை கொஞ்சம் கூடுதல், உயர்ரகக் கார்டு பெரும்பாலும் ஆர்டர் போட்டுத்தான் வரும்.

ஆனால் கார்டு கெட்டால்? வாரண்டிக்கு நீங்களே பார்சல் கட்டி அனுப்பி, அது எங்கே இருக்கிறது என்று துரத்திக்கொண்டிருக்க வேண்டும். உள்ளூர்க் கடைக்காரர் அந்த அலைச்சலை ஏற்றுக்கொள்வார் என்றால் கூடுதல் விலை நியாயமே. நான் சொல்வது இப்படி: கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் மானிட்டரும் உள்ளூரில், ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி எங்கே மலிவோ அங்கே, ஏனென்றால் அவை அரிதாகவே கெடும், கெட்டாலும் சின்ன பார்சலில் போய்விடும். துபாயிலிருந்து தெரிந்தவர் கொண்டுவரும் 5090 மலிவாகத் தெரியும். இந்தியாவில் அந்த கம்பெனி வாரண்டி கொடுக்குமா என்று முதலில் கேளுங்கள். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். ஆன்லைன் என்றால் பெட்டியைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

சேலத்தில் அசெம்பிள் செய்து ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. இரண்டு கிலோ கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவைத் தாங்காது. கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாக வைத்து, கேபினெட்டைப் பின் சீட்டில் படுக்கப்போட்டு, மதர்போர்டு அடியில் வருகிற மாதிரி கொண்டுபோங்கள். பெரிய ஏர் கூலர் என்றால் அதையும் கழற்றிவிடுவது நல்லது, புது தெர்மல் பேஸ்ட் ஒரு டியூப் கையோடு இருக்கட்டும். குளிர்காலத்தில் மேலிருந்து கீழே இறக்கினால், சேலம் வந்ததும் உடனே ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த போர்டில் கீழே உள்ள காற்றின் ஈரம் வியர்க்கும். சில மணி நேரம் பெட்டியோடு அப்படியே விட்டு, அப்புறம் பிளக்கைப் போடுங்கள்.